இரண்டு விரல் அளவு

கையுறையைக் கழற்றினால்
என் கை வேறொருத்தியின் கை.
மணிக்கட்டில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே பிறந்தபோது இருந்த நிறம்,
மேலே வண்ணாரப்பேட்டை ரவுண்டானா.

முகத்தை அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது.
இரண்டு கன்னத்திலும்
ஆற்றுமணலில் எண்ணெய் சிந்தின மாதிரி மங்கு.
மகன் வயிற்றில் இருந்தபோது வந்தது,
அவன் மூன்றாம் வகுப்பு போயும்
அது போகவில்லை.

ஸ்டேஷன் ரைட்டர் ஆவுடைநாயகம் சிரிப்பார்:
"மங்கு சனி முடிஞ்சா பொங்கு சனி வரும்லா முப்பிடாதி."
"சனிக்கு ஆத்தா பேரு சாயாதான சார்?
சாயான்னா நிழல்தான?
பாயிண்டுக்குக் கொஞ்சம் வந்து நிக்கச் சொல்லுங்க"
என்றேன்.
அன்றைக்கு டீ அவர் காசு.

அதற்கும் முன்னால் ஒரு டியூப் வாங்கினேன்,
சீட்டு இல்லாமல், பெயர்கூடச் சொல்லாமல்.
கன்னத்தைப் பார்த்ததுமே கடைக்காரன் எடுத்து வைத்தான்.
பத்து நாளில் பளபளப்பு.
வீட்டில் விசேஷமா என்று இன்ஸ்பெக்டரே கேட்டார்.
பிறகு ஒரு மத்தியானம்
யாரோ வத்தலை அரைத்து அப்பினது போல் முகம்.
சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம்
நானும் எரிந்தேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் குணசீலி
டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.
"ஸ்டீராய்டு.
இது நிறம் தராது, கடன் தரும்.
வட்டியை உங்க தோல் கட்டுது."
டியூப் குப்பைக்கூடைக்குப் போன சத்தம்
எனக்கு நூற்றெண்பது ரூபாய்ச் சத்தம்.

எரிச்சல் தணிய ஒரு மாதம்.
பிறகு மெல்ல எழுதினாள்:
ராத்திரி அசிலாயிக் ஆசிட், பட்டாணி அளவு.
காலையில் நியாசினமைடு.
கோஜிக் ஆசிட் இப்போது வேண்டாமாம்;
அரிசியில் பூக்கிற ஒரு பூஞ்சையில் இருந்து
கண்டுபிடித்தார்களாம் அதை.
எங்கள் வீட்டில் அரிசி பூத்தால் கோழிக்குக் கொட்டுவோம்.
கோழி கடைசிவரை கறுப்பாகத்தான் இருந்தது.

"எல்லாத்துக்கும் மேல சன்ஸ்கிரீன்.
ரெண்டு விரல் நீளம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க.
சாரல் அடிச்சாலும் போடணும்,
மேகத்தைத் தாண்டி வரும் அது."
இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.
எனக்குத் தெரிந்த சைகைகளில்
இரண்டு விரலுக்கு அர்த்தமே கிடையாது.

"நிக்கிற இடத்துல நிழல் உண்டா?"
"சிக்னல் கம்பத்து நிழல் உண்டு மேடம்.
மத்தியானம் அதுவும்
கம்பத்துக்குள்ளயே போயிரும்."
கொஞ்ச நேரம் அவள் பேனா நகரவில்லை.

ஆனி மாதம். வெயில் இல்லை, காற்று மட்டும்.
பதினோரு மணி, தொண்ணூறு நொடிச் சிவப்பு.
முன்னால் நின்ற நாகர்கோவில் லாரியின்
பக்கக் கண்ணாடிக்குள் குனிந்து
நெற்றி, மூக்கு, கன்னம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.
"மேடம், அது கைக்கும் கேக்குமா?"

ஜன்னலுக்கு வெளியே கிடந்த வலது கை தோசைக்கல்.
இடது கையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான்,
வீட்டிலேயே இருந்து படிக்கிற தம்பி மாதிரி இருந்தது அது.
சிரிக்கவில்லை. சும்மா கேட்டான்.

கைக்கு எத்தனை விரல் என்று டாக்டர் சொல்லவில்லை.
முழங்கையில் இருந்து ஒரு கோடு இழுத்து விட்டேன்.
அதற்குள் பச்சை.
பின்னால் தென்காசி பஸ் முதல் ஆட்டோ வரை
ஒரே ஹாரன்.
தேய்க்க நேரமில்லாமல்
கையில் வெள்ளைக் கோட்டோடு
ஆற்றுப்பாலம் பக்கம் போய்விட்டான்.

பதறித் திரும்பி நான் நீட்டியது
கையுறை இல்லாத கை.
கிரீம் அப்பிய இரண்டு விரல்தான் விறைத்து நின்றது.
சமாதானபுரம் பக்கம் மொத்தமும் நின்றுவிட்டது.
அவர்களுக்குப் பச்சை விளக்கு.

மங்கு?
குறைந்த மாதிரி இருக்கிறது.
குளியலறை பல்பு மாற்றினோம், அதனாலும் இருக்கும்.
டியூப் மூடியைத்தான் அன்றைக்கு
எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.